பன்னீர்க்குட நீரைச் சோதித்தால் பிள்ளை முற்றியது தெரியுமா?

எட்டாம் மாதத்தை நெருங்கும் தாய்மாரும் அவர்களைக் கிளினிக்குக்கு அழைத்துவரும் அம்மாமாரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தண்ணிக்குடத்துல ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்த்தா புள்ள முத்திட்டுதா என்டு தெரியுமாமே?" கேள்வி ஒன்றுதான், கவலை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குக் கர்ப்பகால நீரிழிவு, பிள்ளையை முன்கூட்டியே எடுக்க வேண்டிவரலாம் என்று சொல்லியிருப்பார்கள். இன்னொருவருக்குக் கடைசி மாதவிடாய் எப்போது வந்தது என்பதே சரியாக நினைவில்லை. ஒரு ஸ்கேன் ஒரு திகதியையும் மற்றொன்று வேறு திகதியையும் காட்டுகிறது. வேறொரு குடும்பம் நல்ல நாளும் நட்சத்திரமும் பார்த்துச் சீசருக்கு நாள் குறித்துவிட்டு, அன்றைக்குப் பிள்ளையின் நெஞ்சு முற்றியிருக்குமா என்று உறுதி தேடுகிறது.

நீரைச் சோதித்தால் சில விடயங்கள் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் பிள்ளை முற்றிவிட்டதா என்று அறிவதற்காக மட்டும் வயிற்றில் ஊசி ஏற்றுவது இன்று ஏறக்குறைய முற்றாகக் கைவிடப்பட்ட வழக்கம். நீங்கள் அறிய விரும்புவதை மூன்றாம் மாதத்தில் எடுத்த ஸ்கேன் அதைவிட நம்பகமாகச் சொல்லிவிடும். ஏன் இப்படி ஆனது என்பதை விளங்கிக்கொண்டால், வைத்தியர் ஒரு சோதனையைச் சொல்லும்போது எதைக் கேட்க வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது தெளிவாகும்.

முதலில் அந்த நீரைப் பற்றி. கர்ப்பத்தின் தொடக்க வாரங்களில் பன்னீர்க்குட நீரின் பெரும்பகுதி தாயின் குருதியிலிருந்து ஊறிச் சேர்வது. நான்காம் மாதத்துக்குப் பிறகு அதில் பெரும்பங்கு பிள்ளையின் சிறுநீர். இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளையின் கழிவுகளை அகற்றும் வேலையை நச்சுக்கொடி (சூல்வித்தகம்) பார்த்துக்கொள்வதால், இந்தச் சிறுநீர் பெரும்பாலும் வெறும் நீர்தான். பிள்ளை அதைக் குடிக்கும், திரும்பவும் சிறுநீராக வெளியேற்றும். அதோடு நுரையீரலில் ஊறும் திரவமும் தொண்டை வழியாக வந்து கலக்கும், தோலிலிருந்து உதிரும் கலங்களும் சேரும். பத்தாம் வாரத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றராக இருக்கும் நீர், பதினாறாம் வாரத்தில் 200 அளவுக்கும், 34 முதல் 36 வாரங்களில் 800 அளவுக்கும் கூடி, பிறகு மெல்லக் குறையும். சிறுநீரகம், நுரையீரல், தோல் என்று ஒவ்வோர் உறுப்பும் தன் பங்கை அதில் விடுவதால், ஒரு சிறு குப்பி நீரை ஆய்வுகூடத்தில் பகுத்துப் பார்த்தால் அந்த உறுப்புகளின் நிலையை ஓரளவு ஊகிக்கலாம். இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

இவற்றில் அதிகம் பேசப்பட்டது நுரையீரல் சோதனை. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளை மூச்சுக்குத் திணறுவது ஏன் என்று வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 1959ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மேரி எலன் ஏவரி, ஜெரி மீட் என்ற இரு ஆய்வாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நம் நுரையீரலின் சிற்றறைகளுக்குள் சேர்பெக்டன்ட் (சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் கொழுப்புப் படலம்) பூசப்பட்டிருக்கிறது. அது போதாத பிள்ளைக்கு, ஒவ்வொரு மூச்சை வெளியே விட்டதும், நனைந்த பொலித்தீன் பை போலச் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். அடுத்த மூச்சுக்கு அவற்றைத் திரும்பவும் பிரித்துத் திறக்க வேண்டும். சில மணி நேரத்தில் பிள்ளை களைத்துப்போகும். 1963 ஆகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக், ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, இரண்டு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட எடையோடு இருந்தும், இரண்டே நாளில் இறந்தது இந்த வருத்தத்தால்தான். இன்று அதே வாரத்தில், அதே எடையில் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பிறக்கும் பிள்ளையைப் பெரும்பாலும் தாய் கையில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுபோகிறார். இடையில் வந்த மாற்றம் அவ்வளவு பெரிது.

1971இல் லூயி கிளக் என்ற குழந்தை வைத்தியரும் அவருடைய குழுவினரும் கலிபோர்னியாவில் ஒரு வழி கண்டார்கள். சேர்பெக்டன்டின் முக்கிய பாகம் லெசிதின் (நுரையீரல் முற்ற முற்றக் கூடிவரும் ஒரு கொழுப்பு). ஸ்பிங்கோமயலின் (அளவு பெரிதாக மாறாத இன்னொரு கொழுப்பு) என்பதும் அதே நீரில் உண்டு. முதலாவது ஏறிக்கொண்டு போக, இரண்டாவது ஏறக்குறைய அப்படியே நிற்பதால், இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தால் போதும். 32 வாரம் வரை இரண்டும் கிட்டத்தட்டச் சமம். 35ஆம் வாரமளவில் லெசிதின் இரண்டு மடங்காகிவிடும். விகிதம் இரண்டுக்கு மேல் என்றால் மூச்சுத்திணறல் வருவது அரிது. அதற்குச் சற்றுப் பின்னால் பொஸ்பற்றிடைல் கிளிசரோல் (சேர்பெக்டன்டை நிலைக்கச் செய்யும் கொழுப்பு) தோன்றும். அது கண்டால் நுரையீரல் ஆயத்தம் என்று இன்னும் உறுதியாகச் சொல்லலாம்.

ஆய்வுகூட வசதி குறைந்த இடங்களுக்கென 1972இல் வந்த குலுக்கல் சோதனை மிக எளிமையானது. ஒரு மில்லிலீற்றர் நீர், அதே அளவு 95 சதவீத மதுசாரம், ஒரு சோதனைக் குழாய். வாயை மூடிப் பதினைந்து வினாடி பலமாகக் குலுக்கி, குழாயை நிமிர்த்தி வைத்துப் பதினைந்து நிமிடம் விடுவார்கள். சாதாரணப் புரதத்தால் எழும் நுரையை மதுசாரம் அடக்கிவிடும். சேர்பெக்டன்ட் போதியளவு இருந்தால் மட்டும், கண்ணாடியும் நீரும் சேரும் விளிம்பில் சிறு குமிழிகள் வளையம்போல அறுபடாமல் நிற்கும். வளையம் முழுதாக நின்றால் நம்பலாம். நிற்காவிட்டால் நுரையீரல் முற்றவில்லை என்று அறுதியாகச் சொல்ல முடியாது. முற்றிய பிள்ளைகளிலும் பலருக்கு இச்சோதனை பிழைக்கும். நீரில் இரத்தமோ பிள்ளையின் முதல் மலமோ கலந்திருந்தால் முடிவு இன்னும் குழம்பும்.

இவ்வளவு நல்ல சோதனைகளை ஏன் கைவிட்டார்கள்? இரண்டு காரணங்கள். முதலாவது நியூசிலாந்திலிருந்து வந்தது. ஒக்லாந்து தேசிய மகளிர் வைத்தியசாலையில் கிரஹாம் லிகின்ஸ், றொஸ் ஹவி ஆகிய இருவரும், குறைமாதத்தில் பிள்ளை பிறக்கக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஸ்டீரொய்ட் ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் விரைவாக முற்றுகிறது என்று 1972இல் நிறுவினார்கள். கிளினிக்கில் நம் தாய்மார் "நெஞ்சு முத்துற ஊசி" என்று சொல்வது இதைத்தான். 24 முதல் 34 வாரங்களுக்குள் பிள்ளை பிறக்கும் அறிகுறி இருந்தால், டெக்சாமெதசோன் என்றால் பன்னிரண்டு மணிக்கொரு தடவை நான்கு ஊசி, பீற்றாமெதசோன் என்றால் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி. முதல் ஊசிக்குப் பின் 24 மணி நேரம் முதல் ஏழு நாள்வரை பயன் மிக அதிகம். நீரைச் சோதித்து "முற்றவில்லை" என்று அறிந்து கைகட்டி நிற்பதைவிட, முற்றச் செய்யும் மருந்தையே கொடுத்துவிடலாம் அல்லவா? உங்களுக்கு நீரிழிவு இருந்தால் இந்த ஊசியால் சில நாட்களுக்குச் சீனி ஏறும். அதற்காக ஊசியை மறுக்க வேண்டாம். விடுதியில் தங்கி அடிக்கடி குருதிச் சீனியைப் பார்த்து, தேவையெனில் இன்சுலினைக் கூட்டுவார்கள்.

இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் முக்கியமானது. நுரையீரல் முற்றியது என்று சோதனை சொன்னால் பிள்ளை முழுவதும் முற்றிவிட்டது என்று பொருளல்ல. முலை உறிஞ்சும் வலு, உடற்சூட்டைக் காக்கும் திறன், குருதிச் சீனியை நிலையாக வைத்திருப்பது, ஈரலின் செயற்பாடு, மூளையின் கடைசி வார வளர்ச்சி ஆகியவை எல்லாம் அந்தக் குப்பி நீரில் தெரியாதவை. சோதனையில் நுரையீரல் நன்று என்று கண்டு 39 வாரத்துக்கு முன்பே எடுக்கப்பட்ட பிள்ளைகள், 39 வாரம் தாண்டிப் பிறந்தவர்களைவிட அதிகம் வருந்துவதை ஆய்வுகள் காட்டின. பிரசவ நாளைத் தீர்மானிக்க இச்சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் சங்கமே இப்போது அறிவுறுத்துகிறது. உண்மையான காரணம் இருந்தால், அதாவது தாய்க்குக் கடும் பிறசர், பிள்ளைக்கு நச்சுக்கொடி வழியாக ஊட்டம் போதாமை போன்றவை இருந்தால், நுரையீரல் முற்றாவிட்டாலும் பிள்ளையை எடுக்கத்தான் வேண்டும். அத்தகைய காரணம் இல்லையென்றால், முற்றியிருந்தாலும் காத்திருக்க வேண்டும். இரண்டு நிலையிலும் நீர்ச் சோதனையின் முடிவு வைத்தியரின் தீர்மானத்தை மாற்றுவதில்லை.

நாள் பார்த்துச் சீசர் கேட்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதையே. வேறு நோய் எதுவும் இல்லாமல், முந்தைய சீசர் காரணமாக மட்டும் திரும்பச் செய்வதென்றால், நல்ல நாளை 39 வாரம் முடிந்த பிறகு தேடுங்கள். 37ஆம் வாரத்தில் எடுத்த பிள்ளை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். ஆனாலும் மூச்சுத்திணறி விசேட பராமரிப்புப் பிரிவில் கிடக்கும் வாய்ப்பு 39ஆம் வாரத்துப் பிள்ளையைவிடப் பல மடங்கு. பிரசவ வலி வராமல் எடுக்கும்போது நுரையீரலில் இருக்கும் நீர் வடிய நேரம் கிடைப்பதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

நீரிழிவுள்ள தாய்மார் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தாயின் சீனி கூடினால் நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் சீனி கூடும். அதைச் சமாளிக்கப் பிள்ளையின் கணையம் இன்சுலினை அதிகம் சுரக்கும். அந்த இன்சுலின் பிள்ளையைப் பருக்கச் செய்யும், அதேவேளை சேர்பெக்டன்ட் உருவாவதைப் பிந்தவைக்கும். அதனால்தான் நாலு கிலோப் பிள்ளைக்கும் நெஞ்சு முற்றாமல் இருக்கலாம். முன்பு நீர்ச் சோதனைகள் மிக அதிகம் ஏமாற்றியதும் இந்தத் தாய்மாரில்தான். இதற்குப் பரிகாரம் நீரெடுக்கும் ஊசியில் இல்லை. 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையைத் தவறவிடாமல் செய்யுங்கள். சோற்றின் அளவு, சாப்பாட்டுக்குப் பின்னான நடை, தேவையெனில் இன்சுலின் என்று சீனியைக் கட்டுக்குள் வைத்திருந்தால் பிள்ளையின் நுரையீரல் ஏறக்குறைய உரிய காலத்திலேயே முற்றும். பாகற்காய்ச் சாறும் வெந்தய நீரும் இன்சுலினுக்கு ஈடாகா.

வேறு சில சோதனைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய புத்தகங்களிலும் உறவினர் வாய்மொழியிலும் இவை இன்னும் வரும். கிரியட்டினின் (தசையில் உருவாகிச் சிறுநீரில் போகும் கழிவு) பன்னீர்க்குட நீரில் டெசிலீற்றருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டினால் 37 வாரமளவு ஆகிவிட்டது என்று முன்பு கணித்தார்கள். தாய்க்குப் பிறசரோ சிறுநீரக நோயோ இருந்தால் அந்தக் கணக்குப் பிழைத்துவிடும். இன்று யாரும் அதை நம்பி முடிவெடுப்பதில்லை.

பிலிருபின் (செங்குருதிக் கலங்கள் உடையும்போது வரும் மஞ்சள் நிறப்பொருள்) பற்றிய சோதனை வேறு தரம். அது பல்லாயிரம் உயிர்களைக் காத்தது. தாயின் குருதி றீசஸ் எதிர் வகை, பிள்ளையினது நேர் வகை என்றால், தாயின் உடல் பிள்ளையின் செங்குருதிக் கலங்களை அழிக்கும் எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். பிள்ளைக்குக் குருதிச்சோகை எவ்வளவு என்று அறிய, அதே ஒக்லாந்து வைத்தியசாலையைச் சேர்ந்த வில்லியம் லைலி 1961இல் நீரின் மஞ்சள் நிறத்தை ஒளியலை கொண்டு அளந்து ஒரு வரைபடம் தந்தார். வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதைந்துவிடும் என்பதால் எடுத்த நீரைக் கருமை நிறக் குப்பியில், வெளிச்சம் படாமல் மூடி அனுப்புவார்கள். 1963இல் கருப்பைக்குள் இருக்கும் பிள்ளைக்கே குருதி ஏற்றிக் காட்டியவரும் அவர்தான். இன்று பிள்ளையின் மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயில் ஓட்டத்தின் வேகத்தை டொப்ளர் ஸ்கேனில் அளந்தே சோகையைக் கண்டுகொள்கிறார்கள், ஊசி தேவையில்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் கிளினிக்கிலேயே குருதி வகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிர் வகை என்றால், பிள்ளை பிறந்து 72 மணி நேரத்துக்குள் போடும் அன்ரி-டி ஊசியைக் கேட்டு வாங்குங்கள். கரு கலைந்தாலும், வயிற்றில் அடிபட்டு இரத்தம் கண்டாலும் அது தேவைப்படலாம்.

முள்ளந்தண்டோ மண்டையோடோ மூடாமல் விடும் குறைபாட்டில், அல்ஃபா பீற்றோ புரதம் (பிள்ளையின் ஈரல் சுரக்கும் புரதம்) திறந்த இடத்தால் கசிந்து நீரில் மிகையாகும். எடின்பரோவில் 1972இல் இதைக் கண்டறிந்தார்கள். இன்று 18 முதல் 22 வாரத்துக்குள் செய்யும் விரிவான ஸ்கேன் இவற்றில் மிகப் பெரும்பாலானவற்றை நேரடியாகக் காட்டிவிடுகிறது. வருமுன் காக்கும் வழி அதைவிட எளிது: ஃபோலிக் அமில மாத்திரை. ஆனால் பிள்ளையின் முள்ளந்தண்டு, கரு உருவாகி 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போனதைக் கவனித்து, சோதித்து, கிளினிக்கில் பதியும் முன்னரே அந்த வேலை முடிந்துவிடும். ஆகவே கலியாணமான புதிதிலேயே, கருத்தரிக்க எண்ணும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்னிருந்தே மாத்திரையைத் தொடங்க வேண்டும். முன்பு ஒரு பிள்ளைக்கு இக்குறை இருந்திருந்தால் பத்து மடங்கு வரை கூடிய அளவு தேவை. அதை வைத்தியர் எழுதித் தருவார்.

நீரெடுக்கும் ஊசி இன்றும் உண்மையாகத் தேவைப்படும் இடம், நிறமூர்த்தச் சோதனை (பிள்ளையின் கலங்களில் பரம்பரை அலகுகளைத் தாங்கும் இழைகளைப் பார்ப்பது). ஸ்கேனில் இதயக் குறை போன்ற ஒன்று தென்பட்டாலோ, முன்பு நிறமூர்த்தக் குறையுள்ள ஒரு பிள்ளை பிறந்திருந்தாலோ, குருதிச் சோதனை ஐயம் காட்டினாலோ வைத்தியர் இதைப் பேசுவார். செய்வது பதினைந்தாம் வாரம் முடிந்த பிறகுதான். நீங்கள் மல்லாந்து படுத்திருக்க, ஸ்கேன் கருவியால் பிள்ளையும் நச்சுக்கொடியும் இருக்கும் இடத்தைப் பார்த்து, வயிற்றை மருந்திட்டுத் துடைத்து, மெல்லிய நீண்ட ஊசியை நீர் நிறைந்த இடத்துக்குள் செலுத்துவார்கள். ஊசி முனை திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்கும். முதலில் வரும் ஓரிரு மில்லிலீற்றரை, தாயின் கலங்கள் கலந்திருக்கலாம் என்பதால் ஒதுக்கிவிட்டு, 15 முதல் 20 மில்லிலீற்றர் எடுப்பார்கள். நல்ல நீர் வைக்கோல் நிறம். ஊசி உள்ளே இருப்பது ஒரு நிமிடம் வரைதான். வலி, குருதி எடுக்கும் ஊசியைவிடச் சற்றுக் கூட, அடிவயிறு இறுகுவதுபோல இருக்கும். எடுத்த நீரைப் பிள்ளை ஓரிரு நாளில் நிரப்பிவிடும். கரு கலையும் அபாயம் பழகிய கைகளில் இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. குறைவு என்றாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

எனவே சம்மதப் படிவத்தில் ஒப்பமிடும் முன், கணவனும் மனைவியுமாக இருந்து பேச வேண்டியது: முடிவு தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காக்க என்றாலன்றிக் கருவைக் கலைக்க இடமில்லை. இதை அறியாமல் பெரும் செலவும் பயணமும் மேற்கொண்டு பின்னர் மனமுடைந்த குடும்பங்கள் உண்டு. அதற்காகச் சோதனை வீண் என்று நான் சொல்லவில்லை. டவுன் நிலை (ஒரு நிறமூர்த்தம் கூடுதலாக இருப்பது) உள்ள பிள்ளை என்று முன்கூட்டியே தெரிந்தால், இதய வைத்திய நிபுணர் உள்ள இடத்தில் பிரசவத்தை ஒழுங்குசெய்யலாம், வீட்டார் மனத்தளவில் ஆயத்தமாகலாம். ஐயம் நீங்கிவிட்டால் மிச்சக் கர்ப்பகாலம் நிம்மதியாகப் போகும். சிலர் தெரியாமலே இருக்க விரும்புவார்கள். அதுவும் மதிக்கப்பட வேண்டிய முடிவு. மாமியாரோ அயலவரோ இதைத் தீர்மானிக்கக் கூடாது. மட்டக்களப்பிலிருந்து இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டிவந்தால், அன்றிரவே ரயிலில் திரும்பாமல் ஒரு நாளாவது அங்கேயே தங்குங்கள். கலங்களை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். முடிவை யார், எங்கே விளக்குவார்கள் என்பதை அங்கிருந்து புறப்படும் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல், நீர்க்கசிவு, இரத்தம், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி இவற்றில் எது கண்டாலும் அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் அறிக்கையில் "நீர் குறைவு" என்று எழுதியிருந்தால் கலங்கிப்போகும் தாய்மார் அதிகம். இது அளவைப் பற்றியது, சேர்க்கையைப் பற்றியது அல்ல. நான்கு பக்கமும் அளந்து கூட்டிய ஆழம் 5 சென்ரிமீற்றருக்குக் குறைவு, அல்லது மிக ஆழமான இடமே 2 சென்ரிமீற்றருக்குக் குறைவு என்றால்தான் குறைவு என்பார்கள். வெயில் காலத்தில் வயலிலும் வாடியிலும் வேலைசெய்து போதியளவு தண்ணீர் குடிக்காத தாய்க்கு, குடித்து ஓய்வெடுத்தால் அளவு சற்றுக் கூடலாம். அதற்கு மேல் இளநீரையும் பார்லித் தண்ணீரையும் குடம் குடமாகக் குடிப்பது பயன் தராது. நச்சுக்கொடி சரியாக வேலை செய்யாததாலோ, குடம் எங்கோ கசிவதாலோ நீர் குறைந்திருக்கலாம். காரணத்தைத் தேடுவதே சிகிச்சை. பிள்ளையின் துடிப்புக் குறைந்தால் அடுத்த கிளினிக் நாள்வரை இருக்காமல் அன்றே போங்கள்.

கசிவு என்பதில்தான் நீரின் இரசாயனம் இன்றும் அன்றாடம் பயன்படுகிறது. பிறப்பு வழியின் ஈரம் இயல்பாகப் புளிப்புத் தன்மையானது; பன்னீர்க்குட நீர் சற்றுக் காரத்தன்மையானது. வைத்தியர் கருவிகொண்டு உள்ளே பார்த்து, தேங்கிநிற்கும் நீரை மஞ்சள் நிறத் தாளில் தொட்டால் தாள் நீலமாகும். இரத்தமோ கிருமித்தொற்றோ இருந்தாலும் நீலமாகலாம் என்பதால், ஒரு துளியைக் கண்ணாடியில் காயவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பதும் உண்டு. பன்னத்தின் இலை போன்ற கோலம் தெரிந்தால் அது பன்னீர்க்குட நீர். இந்த நீரில் மட்டும் மிகுதியாக இருக்கும் புரதங்களைக் காட்டும் பட்டைகளும் இப்போது உள்ளன. வயிற்றில் ஊசி எதுவும் இல்லை, பிள்ளைக்குக் கேடும் இல்லை. தயங்காமல் சம்மதியுங்கள்.

கசிந்தது சிறுநீரா, வெள்ளைபடுதலா, குடத்து நீரா என்று வீட்டில் நீங்களே ஓரளவு பார்க்கலாம். சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான வெள்ளைத் துணியோ பாடோ வைத்து அரை மணி நேரம் படுத்திருங்கள். எழும்போது திடீரென்று வெதுவெதுப்பாக வடிந்தால், அடக்க முயன்றும் அடங்காவிட்டால், சிறுநீர் மணம் இல்லாவிட்டால் அது குடத்து நீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தெளிவாகவோ வைக்கோல் நிறமாகவோ இருந்தால் பதற வேண்டாம், ஆனால் போக வேண்டும். பச்சை அல்லது மண்ணிறம் என்றால் பிள்ளை உள்ளே மலம் கழித்திருக்கிறது. இரத்தம் கலந்திருந்தாலோ கெட்ட மணம் வீசினாலோ அது அவசரம். இந்த மூன்றிலும் அரை மணி நேரம்கூடப் பார்த்திருக்காமல் புறப்படுங்கள்.

"வலி வரட்டும், பிறகு போகலாம்" என்று இருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. குடம் உடைந்தபின் கிருமி ஏறுவதற்கு வலி வரும்வரை காத்திருக்காது. துணியை உள்ளே செருகுவது, வேப்பிலை நீரால் உள்ளே கழுவுவது, வயிறு தடவுவிப்பது, வலி வரட்டும் என்று ஆமணக்கெண்ணெய் குடிப்பது எதுவும் வேண்டாம். வீட்டில் மிச்சம் இருக்கும் அன்ரிபயோட்டிக் மாத்திரையையும் போட வேண்டாம். குறிப்பாக ஒகுமென்டின் வகை, குறைமாதத்தில் குடம் உடைந்த தாய்க்குக் கொடுக்கப்பட்டபோது பிள்ளையின் குடலில் கடும் அழற்சி கூடியதாகப் பெரிய ஆய்வு ஒன்றில் தெரியவந்தது. வைத்தியசாலையில் இதற்கு எரித்ரோமைசின் என்ற வேறு மருந்தைத் தெரிந்தெடுத்துத்தான் கொடுப்பார்கள். 34 வாரத்துக்கு முன் என்றால் அதோடு நுரையீரலுக்கான ஸ்டீரொய்ட் ஊசியும் தொடங்கும். தொற்று அறிகுறி இல்லாவிட்டால், பிள்ளை உள்ளேயே இன்னும் சில நாள், சில வாரம்கூட இருக்கும்படி காத்திருப்பார்கள்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள தாய்மார் வைத்தியசாலைக்குப் போகும் பயணத்தை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இருப்பவருக்குக் களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி, ஏறாவூர் என்று பிரதான வீதியிலேயே வைத்தியசாலைகள் உண்டு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கத்தவர் வாவியைக் கடந்துதான் நிபுணரிடம் வர வேண்டும். மண்முனைப் பாலம் 2014இல் வந்தபின் பயணம் இலகுவானது. ஆனாலும் மாரியில் வயல் வெளிகள் நிரம்பி உள்வீதிகள் மூடுண்டால் பாலம் வரை வருவதே பாடு. பாதைப் படகை நம்பியிருக்கும் ஊர்களில் இரவில் அதுவும் இல்லை. கார்த்திகை முதல் தை வரை பிரசவத் திகதி விழுகிறவர்கள், 36ஆம் வாரத்திலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசி, எழுவான்கரையில் உறவினர் வீட்டில் தங்குவதா, முன்கூட்டியே விடுதியில் சேர்வதா என்று முடிவெடுங்கள். குறைமாத வலியோ கசிவோ கண்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. அழைக்கும்போது எத்தனையாவது வாரம், நீரின் நிறம் என்ன, வண்டி எந்த இடம்வரை வர முடியும் என்ற மூன்றையும் சொல்லுங்கள்.

அந்த வாரக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமென்றால், வேலை முதல் மூன்று மாதத்தில் இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனவுடன், எட்டு வாரத்துக்கு முன்பே குடும்பநல உத்தியோகத்தரிடம் பதியுங்கள். 14 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வதால், தலை முதல் பிட்டம் வரை அளந்த நீளம் திகதியை ஐந்து முதல் ஏழு நாள் வித்தியாசத்துக்குள் சொல்லிவிடும். எட்டாம் மாதத்தில் எடுக்கும் ஸ்கேன் இரண்டு மூன்று வாரம்கூடத் தவறலாம். அப்போது ஒரு பிள்ளை பருமன், மற்றது மெலிவு. ஆகவே பிந்திய ஸ்கேன் வேறு திகதி காட்டினால் பழையதை அழித்து மாற்ற வேண்டாம் என்று கேளுங்கள், முந்தியதுதான் கணக்கு. முதல் ஸ்கேன் அறிக்கையைப் பிரதி எடுத்து, கர்ப்பிணிப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டி, மழையில் நனையாதபடி உறையில் போட்டு வையுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போது மாற்றுடுப்புப் பையை மறந்தாலும் பரவாயில்லை, அந்தப் பதிவேடு கையில் இருக்க வேண்டும்.